வெண்கலக் கன்னத்தில் ஐந்து விரல்

“கை ஒத்துப்போகுதுன்னு நீங்க சொல்லணும். அவ்வளவுதான் உங்க வேலை,” என்றார் துணைவேந்தர்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் பதில் சொல்லவில்லை. துப்பறியும் தொழிலில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். லேசில் வாயைத் திறக்கமாட்டாள். பக்கத்தில் இருந்தவன் அவள் கணவனின் தம்பி, அவளுக்கு உதவியாளன். அவனுக்கு ரேடியோ என்று பெயர். அதற்கு விளக்கம் தேவையில்லை.

“யாரோட கை சார்?” என்றான் ரேடியோ.

“ஒரு ஆராய்ச்சி மாணவி. என்கிட்டதான் ஆராய்ச்சி பண்றா. அவ எழுதின கட்டுரையை என் பேர்ல போட்டுக்கிட்டேன்னு புகார் குடுத்தா. புகார் நிக்கல. போன வாரம் கேன்டீன்ல எல்லார் முன்னாடியும், ‘அந்த ஆளை ஒரு நாள் அறையாம விடமாட்டேன்’னு சொல்லியிருக்கா. இன்னிக்குக் காலையில நிறுவனர் விழா ஒத்திகைக்காக, மழைக்கு மூடியிருந்த சிலைத் துணியை எடுத்தோம். எங்க தாத்தா கன்னத்துல பச்சையா அஞ்சு விரல்.”

தாத்தா என்றது முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சிலையை. பல்கலைக்கழகத்தை நிறுவியவர் அவர். பேரனுக்கும் அதே நெற்றி, அதே மூக்கு, அதே கன்னம். அந்த ஒற்றுமையை யாரும் மறந்துவிடக் கூடாது என்றோ என்னவோ, மேசைக்குப் பின்னால் பெரிய படம் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். கோடையில் சிலையைச் சுத்தம் செய்தபோது எடுத்தது. சாரத்தின் மேல் ஏறி, தாத்தாவின் கழுத்துக்குப் பின்னால் கையைப் போட்டு, அவரைப் போலவே முகவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார் பேரன்.

“இதுல யாரு சார் சிலை?” என்றான் ரேடியோ.

துணைவேந்தர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். வலது கை மோதிரத்தை இடது கையால் சுழற்றினார். தாத்தாவுடைய மோதிரமாம். பேரனின் கை சிறியது. மோதிர விரலில் அது தளர்ந்து கிடந்தது.

“மதியம் விசாரணைக் குழு கூடுது. சாயங்காலத்துக்குள்ள அவ ஆராய்ச்சி, ஹாஸ்டல் ரூம், எல்லாம் போயிடணும். இனி எந்தப் பல்கலைக்கழகத்துலயும் அவ காலடி வைக்கக் கூடாது. நான் பார்த்துக்கறேன்.”

அவர் கத்தவில்லை. அதுதான் பூட்டுக்குப் பிடிக்கவில்லை. கத்துகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் களைத்துப்போவார்கள். இவர் களைக்கிற ஆளாகத் தெரியவில்லை.

“கை ஒத்துப்போகலேன்னா?” என்றாள்.

“ஒத்துப்போகும். செக்யூரிட்டி ஆபீசர் டேப் வெச்சு அளந்துட்டார். சின்னக் கை. அவ கை அளவேதான். வெளியாள் ஒருத்தர் சொன்னா குழுவுல எடுபடும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.”

வராந்தாவுக்கு வந்ததும் ரேடியோ சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டான். “அப்போ நாம ரப்பர் ஸ்டாம்பு அண்ணி.”

“எங்க குத்தணும்னு பார்த்துட்டு வரலாம், வா.”

*

ஒரு வாரமாகப் பெய்த மழை அன்று காலைதான் விட்டிருந்தது. முற்றத்துக் கல் தரை இன்னும் ஈரமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் இருந்த சிலை, ஆள் அளவைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் இடது முழங்காலில் ஒரு பள்ளம். பழைய யுத்தம் ஒன்றின்போது பீரங்கி வார்க்க வெண்கலம் தேடிப் படை வந்ததாம். மாணவர்கள் சிலையைச் சாக்கில் சுற்றித் தோட்டத்தில் புதைத்துவிட்டார்கள். திரும்பத் தோண்டியபோது மண்வெட்டி பட்ட இடம் அது. பீடத்துக்குப் பக்கத்தில் பலகை வைத்து இதை எழுதியிருந்தார்கள். அடியில் துணைவேந்தரின் பெயர், அவர் எழுதிய புத்தகத்தின் பெயர்.

சிலையின் வலது கன்னத்தில்தான் அந்தக் கை. பழுப்பு வெண்கலத்தில் பாசி நிறத்தில் ஒரு முழு உள்ளங்கை, ஐந்து விரல். ஏணியில் நின்ற துப்புரவுப் பணியாளர் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“போகுதாண்ணே?” என்று கீழேயிருந்து கேட்டான் ரேடியோ.

“எங்க தம்பி போகுது. தேய்க்கத் தேய்க்கப் பளபளன்னு தெரியுது. நான்தான் வரைஞ்சேன்னு சொல்லிடப் போறாங்க.”

அவர் இறங்கினார். பூட்டு ஏறினாள். கன்னத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள், நெடுநேரம். கீழே ரேடியோ மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தான், ஒரு முறை கொட்டாவி விட்டான்.

“அண்ணி, தாத்தா ஏதாவது சொன்னாரா?”

“மேல வா. இவரை ஒரு அறை அறை.”

“என்னது?”

“அறையற மாதிரி கையை வெச்சுக் காட்டு.”

ரேடியோ பக்கத்தில் சாத்தியிருந்த இன்னொரு ஏணியில் ஏறினான். சிலைக்கு எதிரே நின்று, வலது கன்னத்துக்கு இடது கையைக் கொண்டுபோனான். அவன் விரல்கள் சிலையின் காதைத் தொட்டன. பச்சை விரல்களோ மூக்கைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. கையை மாற்றினான், உடம்பைத் திருப்பினான், ஒரு காலைத் தூக்கினான்.

“வரலையே. இப்படி விரல் விழணும்னா முதுகுப் பக்கம் நின்னு, கழுத்தைச் சுத்திக் கையைக் கொண்டுவந்து அறையணும். எங்கண்ணன்கூட உங்ககிட்ட இப்படி வாங்கினதில்ல.”

“உங்கண்ணன் கதை இப்ப எதுக்கு? மோதிர விரலைப் பாரு.”

மோதிர விரலின் அடியில் மட்டும் பச்சை அறுபட்டிருந்தது. குறுக்கே ஒரு பட்டைக் கோடு, வெண்கலத்தின் பழைய நிறத்தில்.

“மோதிரம் போட்ட கை,” என்றான் ரேடியோ.

பூட்டு ஏணியில் தொங்கிய வாளியிலிருந்து ஒரு கை தண்ணீரை எடுத்துப் பச்சையின் மேல் விட்டாள். தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினாள். நகக்கண்ணில் வெள்ளையாக மெழுகு வந்தது. பச்சை அப்படியே இருந்தது.

“இது மேல இல்ல. மெழுகுக்கு அடியில இருக்கு. யாரும் நேத்து ராத்திரி வந்து பண்ணல.” கீழே பார்த்துக் கேட்டாள். “சிலைக்கு மெழுகு எப்போ பூசினாங்க?”

“கோடையில,” என்றார் துப்புரவுப் பணியாளர். “மெழுகு மேடம்தான் பூசினாங்க. மியூசியத்துல இருப்பாங்க, கீழ்த்தளத்துல. வருஷா வருஷம் அவங்கதான். நல்ல மனுஷி. கோபமே வராது.”

பூட்டு அந்தக் கடைசி வார்த்தைகளைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கோபமே வராத மனுஷியை அவள் இதுவரை சந்தித்ததில்லை.

*

போகிற வழியில், பதிவாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் அந்த மாணவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு காவலாளி, தப்பித்து ஓடிவிடுவாள் என்பது போல. மடியில் இருந்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

“வீட்டுலயா?” என்றான் ரேடியோ.

“அப்பா. அடுத்த மாசம் ஆராய்ச்சியைச் சமர்ப்பிக்கறேன்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கார். எடுத்தா என்ன சொல்றது?”

“நீதான் அறைஞ்சியாம்மா?” என்றாள் பூட்டு.

மாணவி நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் அழுததால் வந்த சிவப்பு அல்ல.

“இல்லைன்னு சொல்ல வெக்கமா இருக்கு. என் கையா இருந்தா நல்லா இருந்திருக்கும்.”

ரேடியோ கையை நீட்டினான். “முதல்ல ஒரு கை குடும்மா.” குலுக்குகிற சாக்கில் விரல்களைத் திருப்பிப் பார்த்தான். சின்னக் கைதான். மோதிரம் இல்லை. மோதிரம் கிடந்த தடமும் இல்லை.

“மோதிரமே போட்டதில்லையா?”

“எதுக்கு? பொண்ணு பார்க்க வந்தவங்க யாராவது அனுப்பினாங்களா உங்களை?”

“எனக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கா, தாயே. அவளோட கையைப் பத்தித் தனியா ஒரு விசாரணைக் குழுவே வைக்கலாம்.”

அவள் உதட்டோரம் அசைந்தது. சிரிப்பு வருவதற்குள் போன் மறுபடியும் அதிர்ந்தது.

*

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் டர்பன்டைன் வாசனை அடித்தது. நீள மேசை மேல் பஞ்சு, மான் முடிப் பிரஷ்கள், தேன் கூட்டின் நிறத்தில் மெழுகுக் கட்டிகள். மெழுகு மேடம் ஒரு பழைய விளக்கின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நரைத்த கொண்டை, கையில் வெள்ளைத் துணிக் கையுறை. வந்தவர்களைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தார்.

பூட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாளும் எதுவும் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது. வாய் மூடியே பழகிய இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ரேடியோவுக்கு வேர்த்தது.

“யாராவது ஒருத்தர் ஆரம்பிங்களேன். எனக்கு மூச்சு முட்டுது.”

“உங்க கிளவுஸை எப்போ கழட்டுவீங்க?” என்று கேட்டாள் பூட்டு.

“வீட்டுக்குப் போகும்போது.” அந்த அம்மாள் கையுறையை உருவி உள்ளங்கையைக் காட்டினார். அகலமான கை. விரல்கள் நீளம். “என் கை இல்ல. அதுக்குத்தானே வந்தீங்க?”

“ஆமா. யாரோட கைன்னு கேக்க வரல. எப்படி உள்ள போச்சுன்னு சொல்லுங்க.”

“சுத்தம் பண்ணும்போது பழைய மெழுகை எல்லாம் எடுத்துடுவோம். அப்போ வெண்கலம் வெறும் உடம்போட இருக்கும். அதுல யாரும் வெறும் கையை வைக்கக் கூடாது. வேர்வையில உப்பு இருக்கு. பட்டா உடனே துடைச்சிடணும். துடைக்காம மேல மெழுகு பூசிட்டா, கை உள்ளேயே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. மழை வந்து, ஈரத் துணியும் போட்டு மூடினா, கொஞ்சம் கொஞ்சமா களிம்பு பிடிச்சு மேல வரும்.”

“கோடையில ஒருத்தர் கையை வெச்சதை நீங்க பார்த்தீங்க.”

“வைக்காதீங்கன்னு சொன்னேன். கேக்கல.”

“அப்புறம்?”

 

“துணி கையில இருந்தது. டர்பன்டைன் பக்கத்துலயே இருந்தது. ஒரு தடவை துடைச்சிருந்தா போதும்.” அந்த அம்மாள் மேசையிலிருந்த பிரஷ் ஒன்றை எடுத்து, அதன் முடியைக் கட்டைவிரலால் நீவினார். “மெழுகுப் பிரஷும் இருந்தது. நான் பிரஷை எடுத்தேன்.”



“முழங்கால் பள்ளத்தைப் பார்த்தீங்களா? அது மண்வெட்டி வெட்டுன்னு கண்டுபிடிச்சது நான். பள்ளத்துக்குள்ள தோட்டத்து மண் இருந்தது. சிலையைப் புதைச்சு வெச்ச கிழவர்களை ஒவ்வொருத்தரா தேடிப் போய்க் கேட்டேன். பாதி ஆயுசு அதுக்கே போச்சு. எழுதித் துணைவேந்தர்கிட்ட பார்வைக்குன்னு குடுத்தேன். புத்தகமா வந்தது. அவர் பேர்ல. முன்னுரையில எனக்கும் ஒரு வரி. ‘சிலையைத் தூசி தட்டிக் கொடுத்த பணியாளருக்கும் நன்றி.’”

அந்த வரியை அவர் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். எத்தனை முறை தனக்குள் சொல்லியிருந்தால் குரல் இப்படித் தட்டையாகும் என்று பூட்டு நினைத்தாள். சிலர் கோபத்தைக் கொட்டித் தீர்ப்பார்கள். சிலர் அதன் மேல் மெழுகு பூசி வைப்பார்கள். அழியாது. காற்றுகூடப் படாது.

“மதியம் அந்தப் பொண்ணை வெளியே அனுப்பப் போறாங்க,” என்றாள். “தெரியுமா?”

“காலையில கேள்விப்பட்டேன்.”

“அப்புறமும் விளக்கைத்தான் துடைச்சிட்டு இருக்கீங்க.”

அந்த அம்மாளின் கை நின்றது.

“அவர் இன்னும் கொஞ்சம் வாய் விடட்டும்னு பார்த்தேன்,” என்றார் மெதுவாக. “எல்லார் முன்னாடியும். திரும்ப வாங்கிக்க முடியாத அளவுக்கு.”

“அதுக்கு அந்தப் பொண்ணா தலையைக் குடுக்கணும்? உங்களுக்குச் செஞ்சதைத்தான் அவளுக்கும் செஞ்சிருக்கார். அவளைக் காப்பாத்தாம நீங்க யாரைப் பழிவாங்கறீங்க?”

 பூட்டு எழுந்தாள். “மதியம் முற்றத்துக்கு வாங்க. ஒண்ணும் பேச வேண்டாம். வந்து நில்லுங்க, போதும்.”

படியேறும்போது ரேடியோ பொறுக்கமுடியாமல் கேட்டான். “எல்லாம் சரி அண்ணி. யாரோட கைன்னு கேக்காமலே வந்துட்டீங்களே.”

“கேக்க என்ன இருக்கு? காலையில நாம பார்த்த கைதானே.”

“காலையில யாரைப் பார்த்தோம்? அந்தப் பொண்ணு, துப்புரவு அண்ணன், அதுக்கு முன்னாடி...”

நடுப்படியில் ரேடியோ நின்றுபோனது.

*

விசாரணைக் குழுவை முற்றத்துக்கே வரவழைத்திருந்தாள் பூட்டு. பதிவாளர், இரண்டு மூத்த பேராசிரியர்கள், ஏணியைப் பிடித்துக்கொண்டு செக்யூரிட்டி ஆபீசர். தூணோரம் மாணவி. அவளுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, மெழுகு மேடம் வந்து நின்றார். தோளில் ஒரு வெள்ளைத் துணி கிடந்தது. ரேடியோவை மட்டும் காணவில்லை.

“சீக்கிரம் முடிங்க,” என்றார் துணைவேந்தர். “நான் காலையில சொன்னதுதான்.”

“குழு முன்னாடி ஒரு தடவை சொல்லிடுங்க சார்.”

“இந்தக் கைக்குச் சொந்தக்காரர் இந்த வளாகத்துல இருக்கத் தகுதி இல்லாதவர். இன்னிக்கே வெளியே போகணும்.”

“யாரா இருந்தாலுமா?”

“யாரா இருந்தாலும். என் ரத்தமா இருந்தாலும். இது எங்க தாத்தா கன்னம்.” அவர் பதிவாளர் பக்கம் திரும்பினார். “எழுதிக்குங்க.”

பதிவாளர் எழுதிக்கொண்டார். இருபது வருடமாக அவர் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டவர்.

பூட்டு மாணவியை ஏணியில் ஏறச் சொன்னாள். சிலைக்கு எதிரே நின்று கன்னத்தில் கையை வைக்கச் சொன்னாள். விரல்கள் காதைத் தொட்டன.

“பார்த்தீங்களா? அறைஞ்சா விரல் அந்தப் பக்கம் போகும். இந்த விரல் மூக்கைப் பார்க்குது. சிலைக்குப் பக்கத்துல நின்னு, கழுத்துக்குப் பின்னாடி கையைப் போட்டவங்க கைதான் இப்படி விழும். இந்தப் பச்சை மெழுகுக்கு அடியில இருக்கு. அப்படின்னா கோடையில, சாரம் கட்டியிருந்தப்போ பட்டது. மோதிர விரல்ல ஒரு பட்டைக் கோடு இருக்கு. இந்தப் பொண்ணு மோதிரம் போடறதில்ல.”

“கழட்டி ஒளிச்சு வெச்சிருப்பா,” என்றார் துணைவேந்தர். “கோடையில சாரத்துல யார் யாரோ ஏறினாங்க.”

“ஏறினவங்கள்ல ஒருத்தருக்குப் படமே இருக்கு சார்.”

வராந்தா படிகளில் ஒரு பெரிய சட்டம் இறங்கி வந்தது. அதற்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. மூச்சிரைக்க ரேடியோ அதைச் சிலையின் காலடியில் சாய்த்து வைத்தான்.

“மன்னிக்கணும் சார். உங்க சுவர்ல இப்போ ஆணி மட்டும்தான் இருக்கு. ரெண்டு பேரையும் ஒண்ணா தூக்கறதுன்னா சாமானியமா?”

எல்லோரும் குனிந்தார்கள். தாத்தாவும் பேரனும் ஒரே மாதிரி முகவாயைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கமிருந்து எடுத்த படம், தாத்தாவின் வலது கன்னம் அதில் தெரியவில்லை. பேரனின் வலது கை தாத்தாவின் கழுத்துக்குப் பின்னால் போய் மறைந்திருந்தது.

“கை எங்க சார்?” என்று கேட்டாள் பூட்டு.

“பின்னாடி.”

“பின்னாடி போய்?”

துணைவேந்தர் வாயைத் திறந்தார். அப்போதுதான் அவர் கண் தூணோரம் போயிற்று. மெழுகு மேடம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோடையில் ‘வைக்காதீங்க சார்’ என்று ஒரு குரல் சொன்னது அவருக்கு இப்போது காதில் விழுந்திருக்க வேண்டும். மோதிரம் போட்ட அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, பேன்ட் பாக்கெட்டுக்குள் போயிற்று.

அதை எல்லோரும் பார்த்தார்கள்.

“இது... இது ஒரு போட்டோவுக்காக. வேணும்னு யாரும்...” தடுமாறினார். “இதை வெச்சு என்னை என்ன செய்யப் போறீங்க?”

 இலைகளிலிருந்து மழைநீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. பூட்டு வழக்கம்போலக் காத்திருந்தாள். ஆனால் மௌனத்தை உடைத்தது அவள் எதிர்பார்க்காத ஆள்.

“ஏறுங்க சார்,” என்றார் பதிவாளர், குரலை உயர்த்தாமல். “கையை வெச்சுப் பார்த்துடலாம். நான் எழுதிட்டேன்.”

துணைவேந்தர் ஏறவில்லை. ஏற வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. மூத்த பேராசிரியர் ஒருவர் மாணவியின் பக்கம் வந்து, “நீ போய் உன் வேலையைப் பாரும்மா. உன்னோட பழைய புகாரை மறுபடி எடுக்கறோம்,” என்றார். சொல்லும்போது அவர் துணைவேந்தரைப் பார்க்கவில்லை.

மாணவி அசையாமல் நின்றாள். முகத்தில் நிம்மதியோடு ஒரு ஏமாற்றமும் இருந்தது.

“அப்போ அவரை யாரும் அறையவே இல்லையா?”

“அவரேதான் அறைஞ்சிக்கிட்டாரும்மா,” என்றான் ரேடியோ. “அதுவும் சிரிச்சுக்கிட்டே, கேமராவைப் பார்த்து. போய் முதல்ல உங்கப்பா போனை எடு.”

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு படியேறினாள். மெழுகு மேடத்தைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றாள். அந்த அம்மாள் அவளை நேராகப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி அவள் தோளைத் தொட்டார். கையுறை இல்லாத கை.

துணைவேந்தர் அந்த அம்மாளிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆரம்பத்துலேர்ந்தே.”

“சொன்னேனே சார். நீங்க கேக்கல.”

“சரி, விடுங்க. இதை அழிச்சிடுங்க. இப்பவே. நாளன்னிக்கு விழா. வெளியிலேர்ந்து எல்லாரும் வராங்க.”

மெழுகு மேடம் ஏணியில் ஏறினார். பச்சைக் கையை உற்றுப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

“ஈரக் காத்துல மெழுகை எடுக்கக் கூடாது சார். எடுத்தா முகம் பூரா களிம்பு பிடிச்சிடும். மழைக்காலம் முடியட்டும். கோடையில பார்க்கலாம்.”

“விழா?”

“நல்லா நடக்கட்டும்.” தோளிலிருந்த துணியை எடுத்து, சிலையின் கன்னத்தைப் பொறுமையாக, பழகிய கையால் துடைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஐந்து விரல்களும் இன்னும் தெளிவாக வந்தன.

“நான் தூசி தட்டி வெக்கறேன்.”